கோதுமையை நிறுத்துவதற்கு முன்

பரோட்டா சாப்பிட்ட ராத்திரி வயிறு உப்பிக்கொள்கிறது. சர்க்கரைக்காகச் சப்பாத்திக்கு மாறியதிலிருந்து மந்தம். மூட்டிலும் வலி. யாரோ சொன்னார்கள் என்று கோதுமையை ஒதுக்கிப் பார்த்தால் வயிறு லேசாகிறது. உடனே ‘எனக்கு குளூட்டன் ஒத்துக்காது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பரிசோதனை முடிகிற வரை கோதுமையை நிறுத்த வேண்டாம்.

சீலியாக் என்ற நோயில், கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் புரதம் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்பு சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோகின்றன. இரும்புச்சத்து மாத்திரை எத்தனை போட்டாலும் சரியாகாத ரத்தசோகைக்கு இதுவும் ஒரு காரணம். டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனையில் இதற்கான எதிர்ப்பொருள் தெரியும். தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பியில் குடலின் சிறு துணுக்கை எடுத்துப் பார்த்து உறுதி செய்வார்கள். கோதுமையை முன்பே விட்டிருந்தால் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்றே அறிக்கை வரக்கூடும்.

நம் பக்கம் இது அரிது. 2016-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், வடக்கே ஆயிரம் பேரில் எட்டுப் பேருக்கு மேல் சீலியாக் இருந்தது; தெற்கே பத்தாயிரத்துக்கு ஒருவர்தான். பரம்பரைக் கூறு இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அங்கே ஒருவர் நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், இங்கே 25 கிராம். நம் வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு சப்பாத்தியாக மாறிவருவதைப் பார்க்கும்போது, அரிது என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

கோதுமை ஒவ்வாமை வேறு. சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே தடிப்பு, அரிப்பு, மூச்சிரைப்பு வரும். இதற்கு ஒவ்வாமை மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டும் இல்லை, ஆனாலும் வயிறு உப்புகிறது என்கிறவர்கள் மூன்றாம் வகை. இவர்களில் பலருக்குக் குற்றவாளி குளூட்டனே அல்ல. 2018-இல் நார்வேயில் 59 பேரிடம் நடந்த ஆய்வில், குளூட்டனைவிட ஃப்ரக்டான் என்ற மாவுப்பொருளே அதிகத் தொல்லை தந்தது. கோதுமையில் இருக்கும் அதே ஃப்ரக்டான் வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. பரோட்டாவின் மேல் சால்னாவை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டால் இரண்டு பக்கமிருந்தும் அது உள்ளே போகிறது.

ஆக, சீலியாக் உறுதியானால் வாழ்நாள் முழுக்க, குளூட்டனைத் துளிகூட இல்லாமல் விட வேண்டும். மூன்றாம் வகைக்கு அந்தக் கடும் பத்தியம் தேவையில்லை. பரோட்டாவையும் பிஸ்கட்டையும் குறைத்து, வெங்காயத்தையும் சில வாரம் குறைத்துப் பார்த்தால் போதும்.

விட்ட இடத்தில் எதை வைப்பது? ஆவுடையார்கோயிலில் ஆத்மநாதருக்குப் படைப்பது புழுங்கலரிசிச் சோறும் கீரையும் பாகற்காயும். அதில் கோதுமைக்கு வேலையே இல்லை. புழுங்கலரிசி வயிற்றுக்கு இதமானது, ரேஷனிலும் கிடைக்கிறது. குடல் புண்பட்டிருக்கும் ஆரம்ப மாதங்களில் நான் அதைத்தான் முதலில் சொல்வேன். குறை, அதில் சத்து வகைகள் கம்மி. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. சீலியாக்கில் எலும்பும் தேய்வதால் அது முக்கியம். சர்க்கரை உள்ளவர்கள் கூழாகக் கரைத்துக் குடிக்காமல் களியாகவோ அடையாகவோ சாப்பிடலாம். கம்பில் இரும்புச்சத்து அதிகம்; தைராய்டு குறைபாடு உள்ளவர்கள் தினமும் கம்பு என்று வைத்துக்கொள்ள வேண்டாம். வரகு, சாமை, குதிரைவாலியைச் சோறாகவே பொங்கலாம். நார்ச்சத்து வேண்டும் என்பவர்களுக்கு, அதுவும் பட்டை தீட்டாததாக வாங்கினால், இவை நல்ல மாற்று. குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பாக்கெட் ரொட்டியும் பிஸ்கட்டும் விலை அதிகம். பலவற்றில் மாவும் சர்க்கரையும்தான். இட்லி இருக்கிற ஊரில் அவை எதற்கு?

சீலியாக் உள்ளவர்களுக்கு ஆபத்து தெரியாத இடத்தில் இருக்கிறது. முதலாவது, கூட்டுப்பெருங்காயம். கடையில் விற்கும் தூளிலும் கட்டியிலும் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்கிறது. சாம்பார், ரசம், ஊறுகாய் எல்லாவற்றிலும் அது இருக்கும். அரிசி மாவு சேர்த்தது என்று அச்சிட்டதைத் தேடி வாங்குங்கள், இல்லாவிட்டால் பெருங்காயமே வேண்டாம். இரண்டாவது, மாவு மில். முந்தினவர் கோதுமை அரைத்த கல்லில் உங்கள் கேழ்வரகு விழுந்தால் வாங்கிய பலன் போயிற்று. வீட்டு மிக்ஸியில் அரைப்பதே மேல். முடியாதவர்கள் காலையில் மில் திறந்ததும், முதலில் வேறொருவர் அரிசி அரைத்த பிறகு கொடுக்கலாம். மூன்றாவது, பரோட்டா போட்ட கல்லிலேயே சுட்டுத் தரும் தோசை. ரவா தோசை, சேமியா பாயசம், கேசரி, மைதா போண்டா எல்லாம் தெரிந்தவையே. ஹார்லிக்ஸிலும் பார்லிக் கஞ்சியிலும் குளூட்டன் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. பாக்கெட்டில் ‘குளூட்டன் இல்லை’ என்று போட இந்திய விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்.

மூட்டுவலியோடு சேர்த்துப் பேசப்படும் நாள்பட்ட அழற்சிக்கு வருவோம். சீலியாக் உள்ளவர்களுக்குக் கோதுமையை விட்டால் அழற்சி தணியும். மற்றவர்களுக்குக் கோதுமையை மட்டும் நிறுத்தி மூட்டுவலி போகும் என்று நம்புவதற்கு வலுவான சான்று இல்லை. அவர்களுக்குப் பயன்படுவது வேறு: பருப்பு, கீரை, காய், மீன். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையில் இறங்கும் மத்தி விலையிலும் மலிவு, ஒமேகா 3 கொழுப்பிலும் வளமானது. உளுந்துக்கும் பயறுக்கும் புது ரகங்கள் தரும் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் நம் வம்பனில்தான் இருக்கிறது. பயறு நமக்கு அந்நியமில்லை. டீக்கு இரண்டு பிஸ்கட் என்பதை ஒரு கிண்ணம் பயறுச் சுண்டலாக மாற்றுவது, கோதுமையின் மேல் மட்டும் பழிபோட்டு அதை நிறுத்துவதைவிட உடம்புக்கு நல்லது.

மூட்டு வீங்கிச் சிவந்து, காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருந்தால் உணவைச் சோதித்துக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் போங்கள். சீலியாக் என்று தெரிந்து பத்தியம் இருப்பவர்கள் ஆறு மாதம் கழித்து டிடிஜியைத் திரும்பப் பாருங்கள். அளவு இறங்கவில்லை என்றால் எங்கோ கோதுமை உள்ளே வருகிறது. பெருங்காய டப்பாவிலிருந்து தேடத் தொடங்குங்கள்.