தனுஷ்கோடி தேவாலயம்

கேள்வி: தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயம் போர்ச்சுக்கீசியர் காலத்ததா? தீபாவளி முடிந்ததும் போகலாமா?
– பட்டாசு ஆலை ஊழியர், சிவகாசி

பதில்: அவ்வளவு பழசில்லை. இலங்கைக்குக் கப்பல் ஓடிய ஆங்கிலேயர் காலத்துக் கட்டடம். 1964 டிசம்பர் புயல் ஊரோடு சேர்த்து அதையும் சாய்த்தது. சுவரைக் கிட்டத்தில் பாருங்கள்: பவளக்கல், தேனடை மாதிரி துளைத்துளையாக இருக்கும். அதிலும் பெயர் கிறுக்கி வைக்கிறார்கள், அநியாயம்!

அருப்புக்கோட்டை, பரமக்குடி வழியாக ராமேஸ்வரம். அங்கிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. தீபாவளிக்குப் பிறகுதான் உங்களுக்கு லீவு, தெரியும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அங்கே அடைமழைக் காலம். தை பிறந்ததும் கிளம்புங்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள், கடலில் மட்டும் இறங்க வேண்டாம்.