செப்டம்பருக்கு முன் ஹப்பைத் திறங்கள்: ஈஜிபுரா வண்டிக்காரர்களுக்கு

முதல் நாலு நல்ல மழை விழுந்ததும் தண்ணீர் டேங்கருக்கு வரும் போன்கள் குறைந்துவிடும். 2024 மார்ச்சில் பெங்களூரில் டேங்கர் தண்ணீருக்கு மாவட்ட நிர்வாகமே விலை நிர்ணயிக்க வேண்டிய நிலை வந்தது. அப்படிப்பட்ட கோடைக்குப் பிறகும் ஜூனில் வண்டிக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது. ஈஜிபுரா, விவேக் நகர், கோரமங்கலா பக்கம் டிராக்டர் டேங்கரோ சாமான் ஏற்றும் டிரெய்லரோ வைத்திருப்பவர்கள் அந்த ஓய்வில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சக்கரத்தைக் கழற்றி, ஹப்பைத் திறந்து, கிரீஸ் சீலைப் பார்த்துவிடுங்கள். பெங்களூரில் சராசரியாக அதிக மழை பெய்வது செப்டம்பரில்தான், அக்டோபரும் அதற்குச் சளைத்ததல்ல. அதுவரை தள்ளிப்போட்டால் சீலோடு பேரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்த கறையைப் பார்த்ததும் கிரீஸ் வீணாகிறதே என்றுதான் கவலை வருகிறது. கிரீஸ் வெளியே வருவது சின்ன நஷ்டம். அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போவதுதான் பெரிய நஷ்டம். ஓடி வந்த வண்டியின் ஹப் 70 டிகிரி சூட்டில் இருக்கிறது என்று வையுங்கள். 30 டிகிரிக்கு அது சட்டென்று குளிர்ந்தால், உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கும். அதாவது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தத்துக்கு இணையான இழுப்பு சீலின் மேல் விழுகிறது. சாதாரண ஒற்றை உதட்டு சீல், உள்ளே இருக்கும் கிரீஸைத் தடுக்கத்தான் உதட்டை உள்நோக்கி வைத்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் தண்ணீருக்கு அந்த உதடு எளிதில் விட்டுக்கொடுக்கும். ஆகவே முழங்கால் தண்ணீர்தானே என்று அலட்சியம் செய்வதில் அர்த்தமில்லை, ஆழத்தைவிட சூடுதான் இங்கே குற்றவாளி. படகு டிரெய்லரை ஏரிச் சரிவில் இறக்கினால் பேரிங் விரைவில் கெடுவதும் இதே காரணத்தால்தான். நெடுஞ்சாலையில் சூடேறிய ஹப் நேராகக் குளிர்ந்த நீருக்குள் முங்குகிறது.

ஈஜிபுராவில் ஏரிச் சரிவுக்குப் போக வேண்டியதே இல்லை, ஏரி தெருவுக்கே வந்துவிடும். கோரமங்கலாப் பள்ளத்தாக்கின் மழைநீர் பெல்லந்தூர் ஏரியை நோக்கி இறங்கும் வழியில் இருக்கிறோம். பக்கத்து எஸ்.டி. பெட் லேஅவுட்டின் பெயரே அது ஸ்ரீனிவாகிலு ஏரியின் படுகை என்று சொல்கிறது. 2017-இல் தொடங்கிய ஈஜிபுரா மேம்பாலப் பணியால் ஆண்டுக்கணக்கில் குழியும் தடுப்புமாகக் கிடந்த சாலையில் தண்ணீரைச் சுற்றிப் போகவும் வழி இருந்ததில்லை. 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலைப் பக்கம் மக்களை மீட்கப் படகுகளும் டிராக்டர்களும் ஓடின. அப்படி அச்சு முங்க ஓடிய எந்த வண்டியின் ஹப்பும் திறந்து பார்க்காமல் நம்பத்தக்கதல்ல. டேங்கருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: வால்வு கசிந்து சக்கரத்தின் மேல் வருஷம் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும். முதலில் அந்த வால்வைச் சரிசெய்யுங்கள்.

“சீல் விலை அற்பம், கசிந்தால் புதிதாக ஒன்று போட்டுவிட்டால் போச்சு” என்பார்கள். விலை அற்பம்தான், ஆனால் சீல் பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. பேரிங்கில் ஆட்டம் இருந்தால் ஹப் ஒருபக்கம் சாய்ந்து உதட்டைத் தின்றுவிடும். உதடு உரசும் இடத்தில் அச்சில் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் சீக்கிரமே கசியும். நகத்தை வைத்துத் தடவுங்கள். நகம் சிக்கினால் பள்ளம் இருக்கிறது. லேத்தில் கொடுத்து மெல்லிய ஸ்லீவ் ஏற்றலாம். பள்ளம் லேசாக இருந்து ஹப்பில் இடமும் இருந்தால், சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி அமர்த்தி உதடு புது இடத்தில் உரசும்படி செய்யலாம். இவற்றைப் பார்க்காமல் சீலை மட்டும் மாற்றுவது தண்டச்செலவு.

இதைவிட வலுவான ஆட்சேபம் கிரீஸ் கன் பிடித்தவர்களுடையது. மழைக்காலத்தில் வாரா வாரம் அடித்தால் புது கிரீஸ் தண்ணீரைத் தள்ளிவிடாதா? கொஞ்சம் நியாயம் இருக்கிறது. படகு டிரெய்லர்களுக்கென்றே ஸ்பிரிங் வைத்த மூடிகள் உண்டு. அவை உள்ளே லேசான அழுத்தத்தைத் தக்கவைத்துத் தண்ணீரைத் தடுக்கின்றன. ஆனால் லேசான அழுத்தம் வேறு, கன்னின் பலம் வேறு. ஹப் நிரம்பிய பிறகும் அடித்தால் கிரீஸ் போக ஒரே வழி பின்பக்க சீல்தான், அதைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வரும். பல வண்டிகளில் கசிவு தொடங்குவதே இப்படித்தான். பேரிங் உருளைகளுக்குள் கிரீஸ் நன்றாகப் புகவேண்டும்; ஹப்பின் காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை போதும். கையில் இருந்த ஏதோ ஒரு கிரீஸைப் பழையதோடு கலப்பதும் ஆகாது. ஒத்துப்போகாத இரண்டு வகை சேர்ந்தால் இளகி வழிந்துவிடும்.

ஜாக்கி போட்டதும் டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், பிறகு சுற்றிவிட்டுக் காது கொடுங்கள். திறந்ததும் கிரீஸ் மோர் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் ஏற்கெனவே குடியேறிவிட்டது. எல்லாவற்றையும் டீசலில் கழுவித் துடைத்து உலரவிடுங்கள். கம்ப்ரஸர் காற்றால் பேரிங்கைச் சுழலவிட வேண்டாம். பேரிங்கின் உருளையிலோ அதன் வெளிவளையமான கப்பிலோ புள்ளி புள்ளியாகத் துரு அரித்திருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். பழைய சீலின் மேல் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று எண்கள் இருக்கும், அதைச் சொல்லியே கடையில் கேளுங்கள், கண்ணளவு உதவாது. தூசிக்கு இன்னொரு உதடு வைத்த சீல் அதே அளவில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். உதட்டில் கிரீஸ் தடவி, மரக்கட்டை வைத்து, கோணாமல் தட்டி இறக்குங்கள். பிரேக் உள்ள வண்டியில் கிரீஸ் ஊறிய லைனரை மண்ணெண்ணெயில் கழுவித் திரும்பப் போடும் வழக்கம் உண்டு. அதை விட்டொழியுங்கள், புது லைனர் போடுங்கள். நட்டை ஹப்பைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு கோட்டர் பின் துளை நேராகும்வரை சற்றே தளர்த்துங்கள். பின் புதியதாக இருக்கட்டும். ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் இரு பக்க ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அந்தப் பக்க நட்டு அதிகம் இறுகியிருக்கலாம், சுமை ஏற்றுவதற்கு முன் திரும்பத் திறக்க வேண்டும்.