கலங்கிய நீரில் கரையும் இனங்கள்

மலையும் கடலும் இடையே நின்று பிரித்தால்தான் ஓர் உயிரினம் இரண்டாகும் என்பதில்லை. ஒரே ஏரியின் ஒரே பாறைக்கரையில், சில மீட்டர் ஆழ வேறுபாட்டில்கூட இரு சிற்றினங்கள் தனித்து வாழ இயலும். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் வாழும் சிக்லிட் மீன்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளுக்கும் பொதுவான இவ்வேரி, ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன்பு வறண்டு, பின்னர் நிறைந்தது. அதன்பின் வந்த குறுகிய காலத்தில் இங்குச் சிக்லிட் மீன்கள் ஏறத்தாழ 500 சிற்றினங்களாகப் பெருகின. அவற்றுள் புண்டாமிலியா என்னும் பேரினத்தைச் சார்ந்த இரண்டினை இங்குக் காண்போம். ஒன்றின் ஆண்மீன் நீலச்சாயல் உடையது. மேல்மட்ட நீரில் வாழ்வது. மற்றொன்றின் ஆண்மீன் சிவப்பு நிறத்தது. சற்று ஆழத்தில் வாழ்வது. இவ்வேரியில் ஆழம் செல்லச்செல்ல நீல ஒளி மங்கிச் செவ்வொளியே மிகுதியாக எஞ்சுகிறது. அதற்கேற்ப, இம்மீன்களின் கண்களில் ஒளியுணர்வுக்குரிய மரபணுவும் வேறுபட்டு அமைந்துள்ளது. பெண்மீன் தன் இனத்து ஆணை நிறத்தைக் கொண்டே தேர்கிறது.

ஓர் இனக்கூட்டத்தின் மரபணுக்கள் இனச்சேர்க்கையின் வழியாக மற்றோர் இனக்கூட்டத்தினுள் புகுவதை மரபணுப் பாய்வு என்பர். இயற்கைத்தேர்வு இனங்களைப் பிரிக்க, மரபணுப் பாய்வு அவற்றை ஒன்றாக்க முயல்கிறது. மேற்கூறிய இரு மீன்களும் கலந்து ஈனும் குஞ்சுகள் நலமாக வளரும், இனப்பெருக்கமும் செய்யும். ஆகவே, இவ்விரு சிற்றினங்களையும் பிரித்துக் காக்கும் முதன்மையான வேலி பெண்மீனின் கண்ணே எனலாம்.

அவ்வேலி எப்போது வலுவிழக்கும்? 1997ஆம் ஆண்டு ஓலே சீஹவுசன் முதலிய ஆய்வாளர்கள் இவ்வினாவுக்கு விடை கண்டனர். வெண்ணிற ஒளியில் தன் இனத்து ஆணையே நாடிய பெண்மீன், நிறவேறுபாடு புலப்படாத ஒற்றைநிற ஒளியில் வேறுபாடின்றி இரண்டையும் ஏற்றது. ஏரியிலும் இதே நிலை காணப்பட்டது. நீர் தெளிந்த தீவுக்கரைகளில் இரண்டும் தனித்தனியே விளங்கின. நீர் கலங்கிய கரைகளில் இடைப்பட்ட நிறமுடைய கலப்பினக் கூட்டமே எஞ்சியது.

கரையோரக் காடுகள் அழிந்தமையால் மண் அரித்து வந்தது. விளைநிலங்களின் உரச்சத்தும் நகரங்களின் கழிவும் நீரில் சேர்ந்தமையால் பாசி பெருகியது. நீரின் தெளிவு குன்றியது. ஏரியில் புதிதாக விடப்பட்ட நைல் பெர்ச் என்னும் பெருமீன் பல சிற்றினங்களை உண்டு அழித்தது. அவ்வழிவைக் கண்டு உலகம் வருந்தியது. கலப்பினால் நேரும் இழப்போ ஓசையற்றது. மீன் எதுவும் மடிவதில்லை, குஞ்சுகளும் குறைவதில்லை. ஆயினும், இரண்டாய் இருந்தது ஒன்றாகிவிடுகிறது.

உயிர்களைக் காப்பது என்பது அவற்றைக் கொல்லாதிருப்பது மட்டுமன்று; அவை தம்மைத் தாமே இனங்கண்டு வாழ்வதற்குரிய சூழலையும் காப்பதாகும். இம்மீன்களுக்கு அச்சூழல் தெளிந்த நீரே.