பறக்கும் மலைக்கும் ஒரு பாலாறு வேண்டும்

கேம் கம்பெனிகளுக்கும் அனிமேஷன் ஸ்டுடியோக்களுக்கும் அனுப்புவதற்காகக் கற்பனை நிலக்காட்சி வரையும் இளைஞர்களின் படங்களில் பெரும்பாலும் ஒரே உலகம்தான் இருக்கிறது. பனி மூடிய சிகரம், அருவி, உச்சியில் கோட்டை, வானில் இரண்டு நிலா. கைத்திறனில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பார்க்கிறவர் அந்த ஊருக்குள் போய் நிற்பதில்லை. 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்த நிலத்துக்குப் பூர்வீகம் இல்லாததுதான் காரணம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மனிதர்கள் எந்த வழியாக வந்தார்கள், எதை வைத்துப் பிழைக்கிறார்கள் என்பது வரைந்தவருக்கே தெரியாது.

ஆகவே வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து ஓவியர்களுக்கு என் முதல் யோசனை: கோட்டையை வரையும் முன் தண்ணீரை முடிவு செய்யுங்கள். நம் நிலமே இதற்குப் பாடம். கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாறு, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகக் கிழக்கே போகிறது. ஒரு பக்கம் ஏலகிரியும் ஜவ்வாது மலையும். மறுபக்கம் ஆந்திர எல்லை மலைகள். இடையில் இருக்கும் பள்ளத்தாக்கில்தான் ஆறும் ரயில் பாதையும் பெங்களூரு நெடுஞ்சாலையும் ஒன்றையொன்று ஒட்டி ஓடுகின்றன. 1749இல் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் எதிரிப் படையை மறித்து நின்று உயிரைவிட்டதும் இதே வழியில், ஆம்பூரில்தான். மலை இருப்பதால் மட்டும் ஒரு கோட்டை வந்துவிடாது. அது காவல் காக்க ஒரு பாதை வேண்டும், உள்ளே இருப்பவர் குடிக்க ஒரு சுனையாவது வேண்டும். உங்கள் படத்தில் அந்தச் சுனை மறைந்திருக்கலாம். ஆனால் அதற்கு இறங்கும் தேய்ந்த படிகள் தெரியட்டும்.

ஆற்றையும் கவனியுங்கள். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் பாலாறுதான் 1903இலும் 2021 நவம்பரிலும் கரை புரண்டது. கரையிலிருந்து கரைவரை நீரை நிரப்பி நீலப் பட்டையாக வரைந்தால் அந்த ஆற்றுக்கு நேற்று என்ற ஒன்றே இருக்காது. நீரைவிட அகலமான மணல் படுகை, அரித்த கரையில் தொங்கும் வேர், பாலத்தூணில் சிக்கிய சருகும் கந்தலும்: இவை இருந்தால் வெள்ளத்தை வரையாமலே வெள்ளம் வந்து போனது தெரிந்துவிடும்.

அடுத்தது பாறை. புகைப்படத்தைப் பார்த்து வரைவதற்கு முன் ஏதாவது ஒரு குன்றின் அடியில் அரை நாள் உட்காருங்கள். விரிசல் வழியே மழைநீர் இறங்கும்போது கல்லின் மூலைகள்தான் முதலில் உதிர்கின்றன. கட்டமாக வெடித்த கல் நாளடைவில் உருண்டையாவது அப்படித்தான். பெரிய பாறைகளில் மேல்பரப்பு வெங்காயத் தோல்போல் ஏடு ஏடாகக் கழன்று நிற்கும். மழைநீர் வழியும் இடத்தில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் இருக்கும். துருத்திய பாறையின் அடிப்பக்கம் நனையாததால் வெளுத்திருக்கும். உடைந்து விழுந்த கற்களில் பெரியவை வெகுதூரம் உருண்டு போகும், சின்னவை சரிவிலேயே தங்கும். பலர் இதைத் தலைகீழாக வரைகிறார்கள். ஏன் தவறாகத் தெரிகிறது என்று பார்ப்பவரால் சொல்ல முடியாவிட்டாலும் அவர் கண் அதை ஏற்பதில்லை. உருண்டைப் பாறைக் குன்றுக்குப் பக்கத்திலேயே கூரான பனிச் சிகரத்தை ஒட்டவைப்பதும் இதே தவறுதான்.

நம் மலைகள் கற்பனைக்குப் போதாது என்று நினைக்கிறவர்கள் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் படங்களைத் தேடிப் பாருங்கள். 1792இல் சென்னையிலிருந்து மைசூர்ப் பக்கம் கிளம்பிய இந்த ஆங்கில ஓவியர்கள், வாணியம்பாடியைத் தாண்டியிருக்கும் பாராமகால் பகுதியின் ராயக்கோட்டையையும் ஜெகதேவி மலைக்கோட்டையையும் வரைந்தார்கள். கேமரா அப்ஸ்கியூரா என்ற கருவியைத் துணைக்கு வைத்துக்கொண்டு கண்டதைக் கண்டபடி பதிவு செய்தவர்கள். ஆனாலும் அந்தப் பாறைகள் வேறொரு கிரகத்தில் இருப்பவைபோல் நிற்கின்றன.

தூரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏலகிரி மலைப்பாதையின் ஒரு வளைவில் நின்று பார்த்தால் அடுத்திருக்கும் பாறை செம்பழுப்பு, அதற்கடுத்த மேடு சாம்பல் பச்சை, அதற்கும் அப்பால் நீலம், கடைசி வரிசை ஏறக்குறைய வானத்தின் நிறம். தூரம் கூடக்கூடக் கறுப்பு குறைய வேண்டும். கணினியில் வரைபவர்கள் தொலைவு மலையின் நிழலுக்கும் கறுப்பையே தொட்டு வைக்கிறார்கள்; வானத்தின் நிறத்தை எடுத்து அதில் கலந்தாலே பாதிப் படம் சரியாகிவிடும். அளவுக்கு ஒரு பனைமரம் போதும். அதன் உயரம் எல்லோருக்கும் தெரியும்.

இனி தொழில். கற்பனைப் படங்களில் டிராகன் தோல் கவசம் போட்ட வீரர்களுக்குப் பஞ்சமில்லை. அந்தத் தோலைப் பதனிட்டது யார்? இதை நம் ஊர்க்காரர் கேட்காமல் வேறு யார் கேட்பது? பச்சைத்தோல் வந்ததும் உப்புப் போட வேண்டும், ஊறவைக்க வேண்டும், சுண்ணாம்புக் குழியில் கிடத்த வேண்டும். பிறகு ஆவாரம் பட்டைச் சாறு, கடுக்காய். அப்படியானால் உங்கள் டிராகன் நகரத்தின் ஓரத்தில் உப்புக் குவியல் இருக்கும், பட்டை உரித்த மரங்கள் வெளுத்து நிற்கும், காயப்போட்ட பெருந்தோல்களுக்கு மேல் காக்கையும் பருந்தும் வட்டமிடும். குரோம் முறையில் டிரம்மில் சுற்றி எடுத்த தோல் வெளிறிய நீலமாக இருக்கும். அதனால்தான் தொழிலில் அதை 'வெட் ப்ளூ' என்கிறார்கள். ஒரு முற்றம் நிறைய அந்த நீலம் விரிந்து கிடந்தால் எந்த மாயாஜால ஒளிக்கும் அது குறைந்ததல்ல.

கழிவு போகும் பக்கத்தையும் மறைக்காதீர்கள். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றங்கரைக் கிணறுகளும் நிலங்களும் கெட்டதால்தான் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம்வரை போனது. 1996இல் தீர்ப்பு வந்தது. உங்கள் நகரத்துக்குக் கீழே ஆற்றோரம் வெள்ளையாக உப்புப் பூத்த வயலும் குருத்து தொங்கிய தென்னையும் இருக்கட்டும். மேலே மினுக்கும் கவசத்தின் விலை கீழே தெரியும்போது அந்த நகரத்தை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள்.

பறக்கும் மலை வரையலாமா என்றால் தாராளமாக வரையுங்கள். ஒரு படத்துக்கு ஒரு அதிசயம் போதும். மற்றதெல்லாம் இயற்கை விதிப்படி நடக்கட்டும். அந்த மலைக்கு அடியில் நிழல் விழும், நிழலில் புல் வெளிறும், மழை நின்ற பிறகும் நீர் சொட்டும், மேலே ஏற யாராவது கயிறு கட்டியிருப்பார்கள்.

படத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது, யார் வீட்டு வழியாகப் போகிறது, எங்கே வெளியேறுகிறது என்று விரலை வைத்துக் காட்டிப் பாருங்கள். விரல் நிற்கும் இடத்தைத் திருத்திவிட்டுப் பிறகு அனுப்புங்கள்.