நிலாவைத் தூக்குகிறது காற்று

அன்புள்ள கயல்விழி,

உதயநேரத்து முழுநிலா பெரிதாகத் தெரிவது ஒளிவிலகலால்தான் என்று உன் தோழி அடித்துச் சொன்னதாக எழுதியிருந்தாய். வானத்தில் எது விளங்காவிட்டாலும் ஒளிவிலகலின் தலையில் கட்டிவிடும் இந்தப் பழக்கம் எனக்குப் பொறுக்கவில்லை. பிழை பழையதுதான். நீருக்குள் கிடக்கும் பொருளைப்போல, அடிவானத்து ஈர ஆவியால் விண்பொருள்கள் பெருத்துத் தெரிகின்றன என்று பண்டைய வானியலாளர் டாலமியே ‘அல்மாஜெஸ்ட்’ நூலில் எழுதிவைத்தார். எழுதியவர் எவ்வளவு பெரியவரானாலும் அளந்து பார்க்காமல் ஏற்கக் கூடாது.

ஒளிவிலகல் செய்யும் வேலை ஒன்றே: பொருளை மேலே தூக்கிக் காட்டுவது. உச்சியில் இந்தத் தூக்கல் சுழியம். 45 பாகை உயரத்தில் 1 கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. அடிவானத்திலோ ஏறத்தாழ 34 கலை. நிலாவின் விட்டமே சுமார் 31 கலைதான். எனவே அதன் கீழ்விளிம்பு கடல்கோட்டைத் தொடும்போது, நிலா முழுவதும் உண்மையில் கோட்டுக்குக் கீழே கிடக்கிறது! இந்தத் தூக்கலைக் கிரகணத்திலும் பார்க்கலாம். சந்திர கிரகணத்தில் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஒரே வரிசை, எனவே சூரியனும் நிலாவும் ஒருசேர அடிவானத்துக்கு மேலே தெரியக் கூடாது. அப்படியிருந்தும் சில கிரகணங்களில் கிழக்கே சூரியன் எழ, மேற்கே மறைபட்ட நிலாவும் கூடவே தெரிகிறது. ரோமானிய எழுத்தாளர் பிளினி இதைக் குறித்து வைத்திருக்கிறார். ஈரக்காற்றில் ஒளி வளைவதால் இருக்கலாம் என்று கிரேக்க வானியல் எழுத்தாளர் கிளியோமிடிஸ் ஊகித்தார். எனக்கு மிகப் பிடித்த ஊகம் அது. சரி, அளவுக்கு வருவோம். கீழ்விளிம்பு 34 கலை உயரும்போது மேல்விளிம்பு 29 கலைதான் உயர்கிறது. குறுக்களவு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆக, நிலா உயரவாக்கில் ஆறில் ஒரு பங்கு நசுங்குகிறது. பெருப்பது எங்கே?

‘படங்களில் கோபுரத்தின் பின்னால் பிரம்மாண்டமாக இருக்கிறதே’ என்பாள். தொலைவிலிருந்து டெலி லென்ஸில் எடுத்த படம் அது. நிலா வளரவில்லை, கோபுரம்தான் சிறுத்திருக்கிறது. ஒரே லென்ஸில், ஜூமை மாற்றாமல், அடிவானத்திலும் உச்சியிலும் எடுத்து அகலத்தை அளக்கச் சொல். உச்சி நிலா ஏறக்குறைய பூமியின் ஆரம் அளவு, அதாவது சுமார் 6,400 கி.மீ. நமக்கு அருகில் இருப்பதால் அதுதான் 1.7 சதவீதம்வரை பெரிது. ‘அப்படியானால் சிவப்பு நிறம்?’ என்றால், அது ஒளிச்சிதறல், வேறு கணக்கு.

பெருக்குவது மனம். இடையிலுள்ள மரங்களையும் வீடுகளையும் பார்த்து அடிவானத்து நிலாவைத் தொலைவில் இருப்பதாக மனம் கொள்கிறது, அதனால் பெரிதாக்கிக்கொள்கிறது என்றார் 11ஆம் நூற்றாண்டில் இப்னு அல்ஹைதம். அவர் பக்கம்தான் நான் சாய்கிறேன். ஆனால் பெரிய நிலா தொலைவில் இருக்கிறதா, அருகிலா என்று கேட்டால் பெரும்பாலோர் அருகில் என்கிறார்கள். இந்த முரணுக்கு ஒருமித்த விடை உளவியலாளர்களிடம் இன்னும் இல்லை.

அன்புடன்,
உன் ஆசிரியர்