வரியும் செலவும்: கொல்லிமலையினின்று ஒரு நோக்கு

கொல்லிமலையிலே சோளக்காடு என்னும் ஊரிற் கூடுஞ் சந்தை பலர்க்கும் தெரிந்ததே. பலா, அன்னாசி, மலைவாழை, மிளகு முதலிய விளைபொருள்கள் ஆங்குக் குவிய, கீழ்நாட்டு வியாபாரிகள் விலைபேசி வாங்கிச் செல்வர். சென்ற கோடை விடுமுறையில் மாணவர் சிலரோடு யாம் அம்மலைக்குச் சென்றிருந்த காலை, அச்சந்தையில் மலையாளி முதியவர் ஒருவரோடு உரையாட நேர்ந்தது. (ஈண்டு மலையாளி என்றது அம்மலைக் குடிகளை, சேரநாட்டாரையன்று.) எம் மாணவருள் ஒருவர், பொருளாதார நூல் பயில்பவராதலின், “பெரியவரே, அரசாங்கத்துக்கு நீங்கள் வரி எவ்வளவு கட்டுகிறீர்கள்?” என்று வினவினார். முதியவர் நகைத்து, “வரியெல்லாம் கீழே இருப்பவர்களுக்குத்தான் சாமி. எங்களுக்குக் கிஸ்து ஒன்றே. ரசீது வீட்டில் பத்திரமாய் இருக்கிறது” என்றார்.

அவ்வமயம் அவர் கையிலிருந்த பையிற் சவர்க்காரக் கட்டிகள் இரண்டு இருந்தன. சவர்க்காரத்தின்மேல் 2017-ஆம் ஆண்டு ஜூலை முதல் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் சரக்குச் சேவை வரி விதிக்கப்பட்டிருந்தது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆந் தேதி முதலே அது ஐந்தாகக் குறைக்கப்பட்டது. எட்டாண்டுக் காலம் தம் உடம்பைக் கழுவிய ஒவ்வொரு முறையும் அப்பெரியவர் அரசாங்கத்துக்கு வரி செலுத்தியே வந்தார். ஆயின் அதனை அவர் அறியார். கொடுத்ததை அறியாதவர், கொடுத்தது என்னாயிற்று என்று கேட்பது யாங்ஙனம்?

இவ்வினா எம்மை விட்டு நீங்கவில்லை. எழுபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து வண்டி கீழிறங்கும் வரையில் மாணவர்கள் இதனையே பேசிவந்தனர். வரி மிகுதி, அரசாங்கச் செலவு மிகுதி என்னும் முறையீடு நாள்தோறும் நம் செவியில் விழுவதொன்று. அம்முறையீட்டின் வேர் யாது என்பதை நம் நாட்டு வரலாற்றிலிருந்து, அதிலும் இயன்றவரை இம்மலையைச் சூழ்ந்த நாட்டின் வரலாற்றிலிருந்து, ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொல்லிமலை வல்வில் ஓரி ஆண்ட மலை. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு எனப் பதினான்கு நாடுகளாக அது பகுக்கப்பட்டிருப்பதும், அப்பழம்பெயர்களே இன்றும் ஊராட்சிகளுக்கு வழங்கி வருவதும் நினைக்கத்தக்கன. ஓரி தன் குடிகளிடம் என்ன இறை கொண்டான் என்பது நமக்குத் தெரிந்திலது. ஆயினும் அச்சங்க காலத்திலேயே, பாண்டியன் அறிவுடைநம்பியின் முன்னர் நின்று, வரியின் அளவைப்பற்றி அஞ்சாது உரைத்த புலவர் ஒருவர் இருந்தனர். அவரே பிசிராந்தையார். சிறு வயலின் நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டின் அது யானைக்குப் பன்னாளைக்குப் போதும். யானை தானே வயலுட் புகுந்து மேயத் தொடங்கினாலோ நூறு வயலும் போதா, அது வாயாற் கொள்வதினும் காலாற் கெடுப்பதே பெரிதாம் என்னுங் கருத்துப்பட அவர் பாடியது புறநானூற்றின் 184-ஆம் பாட்டு. இதனை வரி குறைக்கவேண்டும் என்னும் அறிவுரையாக மட்டும் கொள்வோர் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. யானைக்கு உணவு வேண்டுமென்பதைப் புலவர் மறுத்தாரல்லர். மிதிபட்டு வீணாவதையே அவர் சுட்டிக் காட்டினார். மிதிபட்ட நெல் குடிக்கும் உதவாது, கோவுக்கும் உதவாது.

இனி, கொல்லிமலைக்குக் கிழக்கே, மலையினின்று நெடுந்தொலைவில் இல்லாத நாட்டில் நிகழ்ந்ததொன்று கூறுவாம். கி.பி. 1429-ஆம் ஆண்டில், விசயநகர வேந்தன் இரண்டாந் தேவராயன் காலத்தில், பெரம்பலூர்ப் பக்கத்து ஆடுதுறையிலும், திருமுதுகுன்றத்திலும், மாயூரத்தை அடுத்த கொறுக்கையிலும் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. வலங்கை தொண்ணூற்றெட்டும் இடங்கை தொண்ணூற்றெட்டும் ஆகிய சாதியார் ஒருங்கு கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கை அவை. தம்முள் ஒருவரோடொருவர் தெருவினுங் கோயிலினும் ஓயாது பூசலிட்டவர் என்று பிற்காலத்திற் பெயர்பெற்ற இரு பிரிவினரும், அரசாங்க அதிகாரிகளும் நிலக்கிழாரும் முறைகடந்து தண்டிய வரியை எதிர்க்குமிடத்து ஒன்றுபட்டனர் என்பது வியப்பன்றோ? நாம் ஒன்றுபட்டிராமையாலன்றோ இவ்வளவு அநீதியும் நமக்கு நேர்ந்தது என்று அவர்கள் அக்கல்வெட்டில் வருந்தியிருக்கின்றனர். விளைவுக்குத் தக்க வரியைத் தருவதாகவும், முறையற்ற வரியைத் தருவதில்லையென்றும் உறுதி செய்தனர். முறையற்ற வரி தண்டுவார்க்குத் தம்முள் ஒருவருங் கணக்கெழுதலாகாது என்றும் கட்டளையிட்டனர். ஆராய்ச்சியறிஞர் நொபொரு கராசிமாவும் எ. சுப்பராயலுவும் இக்கல்வெட்டுகளை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கின்றனர். கணக்கெழுதும் கையில்லாமல் வரி நடவாது என்பதை அக்காலத்துக் குடியானவன் அறிந்திருந்தான்.

1792-ஆம் ஆண்டில், ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கிழக்கிந்தியக் கும்பெனியாருக்குக் கொடுத்தான். அலெக்சாண்டர் ரீடு கலெக்டராக வந்து, தாமஸ் மன்றோ முதலிய உதவியாளரைக்கொண்டு வயல்வயலாக நிலத்தை அளந்து தீர்வை விதித்தனர். பின்னர் தென்னாடெங்கும் பரவிய இரயத்துவாரி முறை இம்மலையடிவாரத்தில் வளர்ந்த முறையேயாம். ரீடு போனபின், சேலம் ஜில்லா மிட்டாக்களாகத் துண்டு செய்யப்பட்டு ஏலமிடப்பட்டது. ஏலமெடுத்தவர் பலர் கட்டுபணம் செலுத்தமாட்டாது அழிந்தனர் என்பது வேறு கதை.

மன்றோ கொடியவரல்லர். 1807-ஆம் ஆண்டில், கடப்பை பல்லாரிப் பக்கத்துக் கலெக்டராயிருந்தபோது, தாமே விதித்த தீர்வையிற் காற்பங்கைக் குறைக்கவேண்டுமென எழுதினார். ஆயினும் போர்ச்செலவால் பணமுடை கொண்டிருந்த கும்பெனியார் அப்போது அதற்கு இணங்கவில்லை. செலவு முன்னே நிற்க, வரி அதன் பின்னே ஓடியது. அவ்வாறு ஓடிய வரி எவ்விதம் தண்டப்பட்டதென்பதை 1855-ஆம் ஆண்டில் வெளியான சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை காட்டும். கிட்டி என்பது இரண்டு மரத்துண்டுகளுக்கிடையே கைவிரல்களை வைத்து நெருக்குங் கருவி. அண்ணாந்தாள் என்பது கழுத்துக்கும் காற்பெருவிரலுக்கும் கயிறு பூட்டிக் குனியவைத்து, வெயிலில் நிறுத்துவது. சில போது முதுகின்மேற் கல்லும் ஏற்றுவதுண்டு. நில வரி பாக்கிக்காக இவை செய்யப்பட்டன. இச்சொற்களை இன்று நாம் வேடிக்கைப் பேச்சிலே வழங்குகின்றோம். “கிட்டி போட்டுக் கேட்டான்” என்கிறோம். அச்சொல்லின்பின் யாருடைய விரல்கள் இருந்தன என்று நினைப்பாரில்லை.

அக்குழு தானாகத் தோன்றியதன்று. 1852-ஆம் ஆண்டிற் சென்னைச் சுதேசி சங்கத்தை நிறுவிய கஜுலு லக்ஷ்மிநரசு செட்டியாரும் அவர் நண்பரும் பார்லிமெண்டுக்கு அனுப்பிய விண்ணப்பமே அதற்கு வித்து. அவ்விண்ணப்பம் வரிச்சுமையை மட்டும் கூறி நிற்கவில்லை. குடிகளிடம் தண்டிய பணத்தில், குடிகளுக்கு வேண்டிய பாதைக்கும் ஏரிக்கும் பாலத்துக்கும் கல்விக்கும் செலவிடுவது மிகச் சிறிது என்பதையும் எடுத்துக் காட்டியது. எம் கருத்தில், வரவையும் செலவையும் ஒருங்கே வைத்து வினவிய அதுவே அவ்விண்ணப்பத்தின் சிறப்பு.

உப்புக்கு வருவோம். கடலுக்குத் தொலைவிலுள்ள மலைவாணர் தாம் விளைக்கவியலாது காசு கொடுத்தே கொள்ளவேண்டிய பொருள் உப்பு. சாமையும் கேழ்வரகும் மலையில் விளையும், உப்பு விளையாது. ஆகவே, நிலமில்லாதவனும் கூலியும் கைம்பெண்ணும் செலுத்திய வரி உப்பு வரியேயாகும். முதல் உலகப் போருக்குப் பின் இந்திய அரசாங்கத்தின் கணக்கில் துண்டு விழுந்தது. இஞ்ச்கேப் பிரபு தலைமையில் அமைந்த குழு, இராணுவச் செலவு முதலியவற்றைக் குறைக்கவேண்டுமென 1923-இல் அறிவுறுத்தியது. அவ்வாண்டிலேயே மணங்கு ஒன்றுக்கு ஒன்றேகால் ரூபாயாயிருந்த உப்புவரி, சட்டசபையின் மறுப்பையும் மீறி, வைசிராயின் தனியதிகாரத்தால் இரண்டரை ரூபாயாக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பழைய அளவுக்கே மீண்டது. இராசகோபாலாசாரியார் 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆந் தேதி திருச்சிராப்பள்ளியினின்று வேதாரணியத்துக்கு நடந்தது இவ்வரியின்பொருட்டே. அது முற்றும் எடுபட்டது 1947-இல்.

இங்ஙனம் உப்புவரியை எதிர்த்து நடந்தவரே மற்றொரு வரியைக் கொண்டுவரவேண்டிய நிலை பத்தாண்டுக்குள் வாய்த்தது. அதுவும் இம்மலை அப்போதிருந்த ஜில்லாவிலேயே தொடங்கியது. இராசகோபாலாசாரியார் சேலத்தில் வக்கீலாயிருந்தவர். அந்நகரசபைக்குத் தலைமை தாங்கியவர். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் நிறுவி, அங்கிருந்து ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்குப் பத்திரிகையை நடத்தியவர். கள்ளுக்கடைவாயிலில் ஏழைக் குடும்பங்களின் கூலி கரைவதை அவர் கண்ணாரக் கண்டிருந்தார். 1937-இல் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியானதும், அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதியிற் சேலம் ஜில்லா முழுவதிலும் மதுவிலக்கைப் புகுத்தினார். நாமக்கல் தாலுகாவும் கொல்லிமலையும் அப்போது அந்த ஜில்லாவைச் சேர்ந்தவையே. பின்னர்ச் சித்தூர், கடப்பை, வட ஆற்காடு ஜில்லாக்களுக்கும் அது பரவிற்று.

ஆயின் மாகாண வருமானத்தில் ஏறத்தாழக் காற்பங்கு கலால் வருமானமாயிருந்தது. கள்ளை நிறுத்தினால் பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவசாலைக்கும் பணம் எங்கிருந்து வரும்? நிதியிலாகாவையும் தம்மிடமே வைத்திருந்த முதல் மந்திரி, 1939-ஆம் ஆண்டில் பொது விற்பனை வரிச் சட்டத்தை இயற்றினார். இத்தகைய பொது வரி இந்தியாவிலே முதன்முதல் ஏற்பட்டது சென்னை மாகாணத்திற்றான். ஆண்டுக்குப் பதினாயிரம் ரூபாய்க்குக் குறைந்த வியாபாரத்துக்கு வரியில்லை. இருபதாயிரத்துக்கு மேற்பட்டதற்கு நூறு ரூபாய்க்கு அரை ரூபாய். இன்றைய கண்ணுக்கு இது மிக அற்பமாகத் தோன்றும். ஆயினும் வர்த்தகர்கள் கொதித்தெழுந்தனர். கணக்குப் புத்தகங்களை அதிகாரி புரட்டிப் பார்ப்பதென்ன நியாயம் என்றனர். வரி கடைசியில் வாங்குபவன் தலையிலேதான் விழும் என்றனர். பின்னது உண்மையே. அவர்கள் கூறியதில் தன்னலமும் இருந்தது, மெய்யும் இருந்தது.

எனினும் ஒன்று கூறவேண்டும். அவ்வரிக்கு ஒரு காரணம் இருந்தது. அக்காரணம் யாவருக்கும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. கள்ளுக்கடை மூடப்பட்டதைச் சேலத்தான் தன் தெருவிலே பார்த்தான். வரி எதற்கு என்று வினவியவனுக்கு, மூடிய கடையைக் காட்டி விடை கூறலாயிற்று.

அதன்பின் நிகழ்ந்ததே கருதத்தக்கது. 1939 அக்டோபர் இறுதியில், போரைப்பற்றிய கருத்து வேற்றுமையால், காங்கிரஸ் மந்திரிசபை விலகியது. கவர்னரின் ஆட்சி வந்தது. போர்க்காலத்தில், 1944-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. கள்ளுக்கடைகள் மீண்டும் திறந்தன. கள்ளின் வருமானம் வந்தமையின் விற்பனை வரி போயிற்றோ எனின், போகவில்லை. அதன் வீதம் ஏறிற்று. 1948 அக்டோபர் 2-ஆந் தேதி, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் காலத்தில், மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-இல் அது தளர்த்தப்பட்டது, 1974-இல் மீண்டது, 1981-இல் மறுபடியுந் தளர்ந்தது. 1983-இல் அரசாங்கமே வாணிகக் கழகம் ஒன்றை நிறுவி மதுவை மொத்தமாக விற்றது. 2003 முதல் சில்லறைக் கடையும் அதனுடையதாயிற்று. 2023-24-ஆம் ஆண்டில் மதுவினால் தமிழ்நாட்டு அரசாங்கத்துக்குக் கிடைத்தது நாற்பத்தையாயிரங் கோடி ரூபாய்க்கு மேல். விற்பனை வரியோ 1959-இல் புதிய சட்டமாகி, 2007-இல் மதிப்புக் கூட்டு வரியாகி, 2017-இல் பெரும்பகுதியும் சரக்குச் சேவை வரியுட் கலந்தது. கள்ளை ஒழிப்பதற்குப் பதிலாக வந்த வரியும் நிற்கின்றது. ஒழிந்த கள்ளின் வருமானமும் பன்மடங்காய்த் திரும்பி நிற்கின்றது. இரண்டையும் கொடுப்பவன் ஒருவனே. அவன் கூலிக்காரனாயின், தன் வருமானத்திற் பெரும்பகுதியைப் பொருள் வாங்குவதிலேயே செலவிடுவானாதலின், செல்வனைவிட அவன் கொடுக்கும் விகிதம் பெரிது.

இவ்வரிப்பணம் முற்றும் மிதிபட்ட நெல்லாயிற்று என்று கூறுவது நன்றியின்மையாகும். மலைமேல் ஏறும் பாதையும், பள்ளியும், ஆரம்ப சுகாதார நிலையமும், நியாயவிலைக் கடை அரிசியும் வரியினின்று வந்தவையே. அம்முதியவரின் பேரன் கீழ்நாட்டுக் கல்லூரியிற் பயில்கின்றான் என்று அவரே பெருமையுடன் கூறினார். ஆகவே வரியே வேண்டாம் என்பாரோடு யாம் உடன்பட மாட்டோம். இன்ன காரணத்துக்காக இவ்வரி என்று ஒருகால் கூறியவர், அக்காரணம் நீங்கியபின் ஏன் அதனைக் கூறாதொழிந்தனர் என்பதே எம் வினா. 1429-இல் ஆடுதுறையிற் கூடியவரும், 1852-இல் விண்ணப்பம் எழுதியவரும் கேட்டது இதனின் வேறன்று.

சந்தையில் அன்று எம் மாணவர் முதியவருக்குச் சவர்க்காரத்தின் வரியை விளக்கிக் கூறினார். விலையில் எவ்வளவு பொருளுக்கு, எவ்வளவு வரிக்கு என்று உறையின்மேற் பிரித்து அச்சிடப்படவில்லை. ஆதலின் விரல்மடக்கிக் கணக்கிட்டே காட்டவேண்டியதாயிற்று. அவர் நெடுநேரம் பேசாதிருந்து, “அப்படியானால் அதற்கு ரசீது யாரிடம் கேட்பது சாமி?” என்றார். மாணவர் எம்மைப் பார்த்தார். கிராம சபை கூடும் நாளில் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை வாசிக்கவேண்டுமென்பது சட்டம் என்றும், அடுத்த கூட்டம் ஆகஸ்டு 15-ஆந் தேதி என்றும் யாம் கூறினோம். ஊராட்சியின் கணக்குக்கும் அவர் கேட்டதற்கும் உள்ள தொலைவு எமக்குத் தெரியாததன்று. அவர் அத்தேதியை மட்டும் இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, பையைத் தோளிலிட்டு, வளப்பூர்ப் பக்கம் போகும் பேருந்தில் ஏறினார்.