மென்பொருள் பணியில் முதல் ஆண்டுகள்

மென்பொருள் பணியை நாடும் பட்டதாரிகள் முதலில் கேட்பது, எந்தக் கணிப்பொறி மொழியைக் கற்கலாம் என்பதே. எந்த அலுவலுக்காக நிரல் எழுதப்படுகிறதோ அந்த அலுவலைக் கற்பது அதனினும் முக்கியம். பயிற்சி நிலையங்களின் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

ரயில் முன்பதிவை எடுத்துக்கொள்வோம். 1980களின் நடுவில் புதுதில்லியில் பொதுத்துறை நிறுவனமான சி.எம்.சி. இதனைக் கணிப்பொறிக்கு மாற்றியது. ஒதுக்கீடுகள், சலுகைக் கட்டணங்கள், காத்திருப்போர் பட்டியல், ரத்துக் கட்டணம் என விதிகள் பல. தில்லியிலிருந்து போபால் வரை ஒருவர் பயணம் செய்யும் படுக்கையை, அங்கிருந்து சென்னை வரை மற்றொருவருக்கு அளிக்க இயலும். இதை அறியாதவர் எம்மொழியில் எழுதினாலும் நிரல் பிழைபடும். அன்றைய கணிப்பொறிகள் மறைந்தன. 2002இல் இணையவழிச் சீட்டும் வந்தது. அந்தப் படுக்கைக் கணக்கு மட்டும் மாறவில்லை.

புதியவர்களுக்குப் பெரும்பாலும் பழைய நிரல்களைப் பராமரிக்கும் வேலையே தரப்படுகிறது. பலர் இதைத் தாழ்வாகக் கருதி, ஓராண்டுக்குள் வேறு நிறுவனம் தேடுகின்றனர். எனக்கு இதில் உடன்பாடில்லை. பழைய நிரலின் விளங்காத வரி ஒவ்வொன்றுக்கும் பின்னால் பெரும்பாலும் ஒரு விதியோ, என்றோ நேர்ந்த ஒரு தவறோ இருக்கும். அதை நிரலில் தேடிக் கிடைக்காவிடில், முன்பதிவுச் சாளரத்தில் அமர்ந்திருக்கும் எழுத்தரிடம் கேட்கலாம்.